சொல்லக் கூடாத எலி

பெரியவளுக்கு அந்த எலியைக் கண்டாலே ஆகாது. ஆனால் இதை வெளியில் சொல்ல முடியுமா? கல்லூரியில் பாடம் நடத்துகிறவள், குழந்தைகளுக்குக் கதை எழுதிப் பேர் வாங்கியவள், காகிதத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வரைந்திருக்கும் ஓர் எலியோடு மல்லுக்கு நிற்கிறாள் என்றால் கேட்கிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் கடுப்பை மனசுக்குள்ளேயே வைத்துப் பூட்டியிருந்தாள். எலியை வரைந்தவள் வேறு யாருமில்லை, கூடப்பிறந்த தங்கை.

புத்தகங்களின் நாயகன் எலி இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் பெரியவள் கோபித்துக்கொள்வாள். நாயகன் ஒரு கழுதை. தையற்கடை வைத்திருக்கும் கழுதை. மூக்கு நுனியில் கண்ணாடியும் கழுத்தில் அளவு நாடாவுமாக, வருகிற மிருகங்களுக்கெல்லாம் துணி தைத்துக் கொடுக்கும். ஒட்டகத்துக்குத் திமில் வைத்த சட்டை, முள்ளம்பன்றிக்குக் கிழியாத கோட்டு, பாம்புக்கு ஒரே ஒரு நீளக் கை. எல்லாம் பெரியவளின் சொந்தக் கற்பனை. கல்லூரி விட்டு வந்து, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, மூளையைக் கசக்கி எழுதியது. ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஒரு கழுதைப் புத்தகம் வந்துவிடும்.

சின்னவள் இதற்குள் வந்தது தனிக் கதை. கல்யாணம் சரிப்படாமல், ஒரு பெட்டியும் வாடிய முகமுமாகத் திரும்பி வந்தவளை அக்காதான் தன் வீட்டு மாடியறையில் குடிவைத்தாள். யார் யாரோ என்னென்னவோ பேசியபோது அத்தனை பேர் வாயையும் அடைத்ததும் அவள்தான்.

"சும்மா உக்காந்து சுவத்தையே பார்த்துட்டு இருக்காதே. நீதான் நல்லா வரைவியே, என் கழுதைக்கு நாலு படம் போட்டுக் குடு" என்றாள் ஒருநாள்.

தங்கை எழுந்து உட்கார்ந்து பென்சிலைச் சீவினாள். அக்கா செய்தது உண்மையான அன்புதான். அப்போது அதில் கலப்படம் எதுவும் கிடையாது.

முதல் புத்தகத்தின் படங்கள் வந்தபோது, தையல் மெஷினின் மிதிகட்டைக்குப் பின்னால் ஓர் எலி நின்றிருந்தது. பெரியவள் எழுதிய கதையில் எலியே இல்லை.

"இது எங்கேருந்துடி வந்துச்சு?"

"தெரியலக்கா. தையற்கடைன்னா ஒரு எலி இருக்காதா?"

அவ்வளவுதான் விளக்கம். ஆனால் அந்த எலி சும்மா நிற்கிற எலி இல்லை. அதற்குத் தனிப் பிழைப்பு இருந்தது. முதல் புத்தகம் முழுக்க அது வீடு மாற்றிக்கொண்டிருந்தது. ஒரு பக்கத்தில் சுருட்டிய பாயைத் தோளில் சுமந்து போகும், அடுத்த பக்கத்தில் ஒரு பானை, அதற்கடுத்ததில் தன்னைவிடப் பெரிய சுவர்க் கடிகாரம். இன்னொரு புத்தகத்தில் அதற்குப் பல்வலி. தாடையைச் சுற்றித் துணி கட்டியிருக்கும், பக்கத்துக்குப் பக்கம் வீக்கம் ஏறும், கடைசிப் பக்கத்தில் பிடுங்கிய பல்லைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும். கதையின் வார்த்தைகள் அதைப் பற்றி மூச்சுவிடாது. கழுதை அதைக் கவனிக்காது. புத்தகத்தை வாசித்துக் காட்டும் அப்பா அம்மாக்களும் பெரும்பாலும் பார்ப்பதில்லை, அவர்கள் கண் எழுத்தின் மேல் ஓடிக்கொண்டிருக்கும். மடியில் உட்கார்ந்திருக்கிற, இன்னும் எழுத்துக் கூட்டத் தெரியாத வாண்டுதான் பார்க்கும். பெரியவர்களுக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற கர்வம் ஒரு குழந்தைக்கு வாழ்க்கையில் எத்தனை தடவை கிடைக்கும்? அந்தப் புத்தகங்களில் அது பக்கத்துக்குப் பக்கம் கிடைத்தது. அதற்காகவே தூங்கப் போகும்போது மறுபடி மறுபடி அதே புத்தகத்தைக் கேட்டு அடம் பிடித்தார்கள்.

பதிப்பகத்தில் இவர்களுடைய புத்தகங்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண் இருந்தாள். காதோரம் எப்போதும் ஒரு சிவப்புப் பென்சில் செருகியிருப்பாள். பெரியவள் வீட்டில் அவளுக்குப் பேரே சிவப்புப் பென்சில்தான். அவளிடம் ஒரு சட்டம் உண்டு. படம் சொல்லிவிட்டதை வார்த்தை திரும்பச் சொல்லக் கூடாது.

வேலை நடக்கும் விதம் இப்படி. பெரியவள் கதையை எழுதிக் கொடுப்பாள். சின்னவள் அதை மாடிக்கு எடுத்துப் போய், வெள்ளைத் தாள்களை மடித்து, நூல் கோத்து, சின்னதாக ஒரு மாதிரிப் புத்தகம் தைப்பாள். பென்சிலால் படங்களைப் போட்டுக் கீழே கொண்டுவருவாள். பிறகு மூவரும் பெரியவளின் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்வார்கள். பெரியவள் வாசிக்க வேண்டும், சின்னவள் பக்கத்தைத் திருப்ப வேண்டும், சிவப்புப் பென்சில் கேட்டுக்கொண்டே அடிப்பாள்.

"'ஒட்டகம் சோகமாக உள்ளே வந்தது.' சோகந்தான் மூஞ்சியிலேயே தெரியுதே மேடம். 'சோகமாக'வை எடுத்துடலாமா?"

எடுத்தார்கள்.

"'வெளியே மழை பெய்துகொண்டிருந்தது.' காலடியில தண்ணி தேங்கி நிக்குது பாருங்க. இதுவும் வேண்டாம்."

அதுவும் போனது.

"'கழுதை நெடுநேரம் யோசித்தது.' இந்தப் படத்துல அதோட கண்ணாடியைப் பார்த்தீங்களா? தலைக்கு மேல ஏறி இருக்கு. யோசிக்குதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்."

சொன்னதெல்லாம் சரிதான். வயிற்றெரிச்சலே அதில்தான் இருந்தது. தப்பாக வெட்டினால் சண்டை போடலாம், சரியாக வெட்டுகிறவளை என்ன செய்வது? முதல் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒரு பத்தி இருந்தது. அது தேய்ந்து நாலைந்து வரியானது. அதுவும் தேய்ந்து இப்போது ஒற்றை வரியில் வந்து நின்றது. சில பக்கங்களில் அந்த ஒற்றை வரியும் கிடையாது. தான் கதை எழுதுகிறவளா, படத்துக்குக் கீழே பேர் எழுதி ஒட்டுகிறவளா என்று பெரியவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"தொட்டுக்க ஊறுகாய் மாதிரி ஆயிட்டேங்க நான்" என்று வீட்டுக்காரரிடம் புலம்பினாள்.

அவர் கட்டட இன்ஜினியர். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் சொல்லும் பழக்கம் உள்ளவர்.

"கட்டடத்துல செங்கல் வெளியில தெரியாது. அதுக்காக செங்கல் இல்லாம கட்டடம் நிக்குமா? நீ செங்கல்லுன்னு வச்சுக்கோயேன்."

"அந்த வீட்டுல குடியிருக்கறவங்க செங்கல்லைப் பத்தி என்னைக்காவது பேசுவாங்களா?"

"பேச மாட்டாங்க."

"அப்புறம்?"

அவர் பேப்பரை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒரு பள்ளிக்கூட நூலகத்தில் அவளைக் கதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். சின்னவள் இதற்கெல்லாம் வரமாட்டாள், நாலு பேர் கூடினால் அவளுக்கு மூச்சு முட்டும். பெரியவள் வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று குரலை ஏற்றி இறக்கிப் பழகிக்கொண்டு போனாள். தரைவிரிப்பில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். முதல் வரியை வாசித்து முடிப்பதற்குள் முட்டிபோட்டு நகர்ந்து அவள் மடிமேலேயே ஏறாத குறையாக வந்துவிட்டார்கள். பெரியவளுக்குப் பூரிப்பாக இருந்தது, கதை அப்படி இழுக்கிறது என்று நினைத்தாள். பிறகுதான் விரல்களைப் பார்த்தாள்.

"அதோ, கத்தரிக்கோலுக்கு அடியில."

"இன்னும் வீங்கிடுச்சு பாரு."

"திருப்பாதீங்க, திருப்பாதீங்க, நான் இன்னும் பார்க்கல."

அவள் ஏற்றி இறக்கி வாசித்த வரியை ஒருத்தரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடி வாசித்தாள், கொஞ்சம் சத்தமாக. ஒரு பையன் நிமிர்ந்து பார்த்து, பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே பேசுகிறவர்களைப் பார்ப்போமே, அந்தப் பார்வை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான்.

எல்லாம் முடிந்த பிறகு முன்பல் விழுந்த ஒரு சிறுமி பக்கத்தில் வந்து நின்றாள்.

"நீங்க யாரு?"

"நான்தாம்மா இதை எழுதினவ."

"எலியையா?"

"எலி இல்லம்மா. கதையை."

சிறுமி யோசித்தாள். "எலியோட கதையையா?"

"கழுதையோட கதையை."

"ஓ" என்றாள் சிறுமி. ஏமாற்றத்தை மறைக்கத் தெரியாத வயசு. "எலி பண்ணவங்க எப்ப வருவாங்க?"

பெரியவள் சிரித்துச் சமாளித்துவிட்டு வெளியே வந்தாள். வழியெல்லாம் அந்தக் கேள்வி மனசைப் பிராண்டிக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்ததும் தங்கை "எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டாள். "நல்லா ரசிச்சாங்க" என்றாள். பொய்யில்லை, அதுதான் கொடுமை.

சிவப்புப் பென்சில் அடுத்த தடவை வந்தபோது பையை மேசையில் வைத்த கையோடு விஷயத்தைச் சொன்னாள்.

"எலிக்குத் தனியா ஒரு புத்தகம் போடலாம்னு பேசிட்டு இருக்கோம். வார்த்தையே கிடையாது. முழுக்கப் படம்." பிறகு பெரியவள் இருந்த பக்கம் பார்க்காமலே, "மேடத்துக்கு முன்பக்கத்துல ஒரு நன்றி போட்டுடலாம்" என்றாள்.

நன்றி. வீடு கட்டி முடித்துக் கொத்தனாருக்குத் துண்டு போர்த்துகிற மாதிரி.

"வேண்டாங்க" என்றாள் சின்னவள்.

அந்த ஒரு வார்த்தையில் பெரியவளுக்கு நெஞ்சு குளிர்ந்தது. அக்கா இல்லாமல் செய்ய மாட்டேன் என்று சொல்லப்போகிறாள். சொல்லாமல் எப்படி இருப்பாள்? மாடியறை யார் கொடுத்தது, பென்சில் யார் கொடுத்தது? காத்திருந்தாள்.

"ஒளிஞ்சிட்டு இருக்கற வரைக்குந்தான் அது எலி" என்றாள் சின்னவள். "யாரும் சொல்லாம, குழந்தை தானா கண்டுபிடிக்கணும். அப்பதான் அது அந்தக் குழந்தையோடது. இதோ இங்க இருக்குன்னு யாராவது விரலை நீட்டிட்டா வெறும் படமாயிடும். அட்டையில தூக்கிப் போட்டா அன்னைக்கே செத்துடும்."

அதோடு நிறுத்திக்கொண்டாள். அக்காவைப் பற்றி ஒரு சொல் இல்லை. மறுத்தது எலிக்காக. பெரியவள் எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்து எல்லோருக்கும் கொடுத்தாள். சர்க்கரை சரியாக இருக்கிறதா என்றுகூடக் கேட்டாள். எலியைக் கொல்ல வழி எது என்று தங்கையே சொல்லிக் கொடுத்துவிட்டது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை.

அந்த வருஷத்துப் புத்தகத்தில் கழுதையின் கடைக்கு ஊர்வலமாக வாடிக்கையாளர்கள் வருகிறார்கள், கல்யாணத்துக்குப் போக எல்லோருக்கும் புதுத்துணி வேண்டும். பெரியவள் எழுதியது அதுதான். சின்னவள் வண்ணம் தீட்டிய பக்கங்களை ஒவ்வொன்றாக மேசையில் பரப்பினாள். எலி இந்தத் தடவை ஒவ்வொரு பக்கத்திலும், வெட்டும்போது கீழே விழுகிற துணியில் ஒரு துண்டை எடுத்துக்கொண்டு ஓடியது. ஒட்டகத்தின் கட்டம் போட்ட துணியில் ஒன்று, தவளையின் பச்சைப் பட்டில் ஒன்று, கரடியின் கம்பளியில் ஒன்று. கடைசிப் பக்கத்தில் கடை பூட்டியிருக்கிறது. கழுதை கல்யாணத்துக்குப் போய்விட்டது. மேசைக்கடியில் எலி தூங்குகிறது, மேலே ஓர் ஒட்டுப்போர்வை. அத்தனை துண்டும் அதில் இருந்தன.

பெரியவளின் கை தானாக நீண்டு முந்தைய பக்கத்தை எடுத்தது. இந்தக் கோடு யாருடைய சட்டையிலிருந்து வந்தது, இந்தப் பூ யாருடைய பாவாடை? ஒன்றொன்றாகத் தேடி, கண்டுபிடித்து, அடுத்ததைத் தேடினாள். அவள் முகத்தில் சிரிப்பு வந்திருந்தது. நிமிர்ந்தபோது தங்கை அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள், கண்ணெல்லாம் சந்தோஷமாக.

"பிடிச்சிருக்காக்கா?"

"ம்" என்றாள் பெரியவள். தன்னையும் அந்தக் குழந்தைகளில் ஒருத்தியாக முட்டிபோட வைத்துவிட்டாள் என்பது அப்புறந்தான் சுட்டது. அவள் எழுதிய கல்யாண ஊர்வலம் எங்கேயோ போய்விட்டிருந்தது.

சின்னவளுக்கு ஒரு பழக்கம். சாயம் காய்ந்து படங்களைக் கொடுத்த பிறகு, புத்தகம் அச்சாகிக் கைக்கு வரும்வரை எதையும் திரும்பப் பார்க்க மாட்டாள். பார்த்தால் கை அரிக்கும், எதையாவது திருத்தச் சொல்லும் என்பாள். அதனால் கடைசிப் புரூஃப் பார்ப்பது எப்போதும் பெரியவள் வேலை. எழுத்துப்பிழை பார்த்து, கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் புரூஃபை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஒட்டகத்தின் பக்கத்தில் ஒற்றை வரி தனியாகக் கிடந்தது. அதற்குக் கீழே எழுதினாள்: அதோ பாருங்கள், மேசைக்கடியில் எலி. அதன் கையில் என்ன? ஒட்டகத்தின் துணியில் ஒரு துண்டு.

பேனாவை வைத்துவிட்டு வாசித்துப் பார்த்தாள். ஓசை நன்றாக இருந்தது. அடுத்த பக்கத்துக்குப் போனாள். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு வார்த்தைகள் தாமாக ஓடி வந்தன, வெட்டுவார்களோ என்ற பயமில்லாமல். பாவம், பார்க்கத் தெரியாத குழந்தைகளும் இருக்கத்தானே செய்யும், அவர்களுக்கு ஒரு கை கொடுத்தால் என்ன என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். கடைசிப் பக்கத்தில் எழுதினாள்: எல்லாத் துண்டுகளையும் சேர்த்து எலி தனக்கு ஒரு போர்வை தைத்துக்கொண்டது. ஒட்டகத்தின் கட்டம், தவளையின் பட்டு, கரடியின் கம்பளி, எல்லாம் இதில் உண்டு.

சிவப்புப் பென்சில் மறுநாளே போன் செய்தாள்.

"எலியைப் பத்தி எழுதியிருக்கீங்களே மேடம். தங்கச்சிக்குத் தெரியுமா?"

"அவதான் எழுதச் சொன்னா."

எவ்வளவு சுலபமாக வந்தது. நாக்கு குழறக்கூட இல்லை.

"எனக்கு மனசு ஒப்பல. ஆனா விற்பனைக்காரங்க ரொம்ப நாளா இதையேதான் கேக்கறாங்க, பெத்தவங்களுக்கு எலி எங்க இருக்குன்னே தெரியலையாம். தங்கச்சியே சொன்னாங்கன்னா நான் யாரு தடுக்க" என்றாள் சிவப்புப் பென்சில்.

புத்தகம் ஒரு பெரிய கடையின் குழந்தைகள் பகுதியில் வெளியானது. சிவப்புப் பென்சில் வற்புறுத்திச் சின்னவளையும் வரவழைத்திருந்தாள். அவள் கூட்டத்துக்குப் பின்னால், அலமாரி ஓரமாக ஒதுங்கி நின்றாள். பெரியவள் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தாள். குழந்தைகள் வழக்கம்போல முட்டிபோட்டு முன்னால் வந்தார்கள்.

"அதோ பாருங்கள், மேசைக்கடியில் எலி" என்று வாசித்தாள்.

எல்லாக் கண்ணும் மேசைக்கடிக்குப் போனது. ஆமாம், எலி. பார்த்தாயிற்று. அடுத்த பக்கம். ஜன்னல் திரைக்குப் பின்னால் என்றாள், திரைக்குப் பின்னால் பார்த்தார்கள். விரல்கள் வேலையில்லாமல் மடியில் கிடந்தன. பக்கம் போகப் போக, முன்னால் வந்த குழந்தைகள் பின்னால் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்கள்.

"எங்களுக்கே தெரியும்" என்றது கண்ணாடி போட்ட ஒரு வாண்டு, யாரிடமும் இல்லாமல்.

போர்வைப் பக்கத்தை வாசித்து முடித்தாள். ஒருத்தரும் திரும்ப முன்பக்கம் போகச் சொல்லவில்லை. குழந்தைகள் சமர்த்தாக இருந்தார்கள். அவள் எழுதிய ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டார்கள், வாழ்க்கையில் முதல் தடவையாக. பின்னால் நின்ற அப்பா அம்மாக்கள் கைதட்டினார்கள். "இப்பதான் கதை முழுசாப் புரியுது" என்று ஓர் அம்மா வந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். ஜெயித்துவிட்ட மாதிரிதான் பெரியவளுக்கு இருந்தது.

நாற்காலியிலிருந்து எழுந்தபோதுதான் தங்கையைப் பார்த்தாள். சின்னவள் அலமாரியிலிருந்து ஒரு பிரதியை எடுத்துப் பக்கம் பக்கமாக வாசித்துக்கொண்டிருந்தாள். உதடு லேசாக அசைந்தது, எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி. கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தை மூடி, எடுத்த இடத்திலேயே, மற்ற பிரதிகளோடு விளிம்பு சேர்த்து வைத்தாள். சிவப்புப் பென்சில் அவளிடம் போய் ஏதோ சொன்னாள், அவள் தலையாட்டினாள். யாரோ கையெழுத்துக் கேட்டார்கள். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து இருக்கை.

"நல்லா வாசிச்சேக்கா" என்றாள் சின்னவள்.

பெரியவள் பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள்.

"நான்தான் எழுதச் சொன்னேன்னு சொன்னியாமே."

"பெத்தவங்க கண்ணுக்குத் தெரியறதே இல்லடி. அதுக்காகத்தான்..."

"சரிக்கா."

"கோபமா?"

"இல்ல."

கோபமென்றால் பெரியவளுக்குத் தெரியும். சின்ன வயசில் ஒரு கலர் பென்சிலுக்காக முடியைப் பிடித்து உலுக்கியவள் இவள். அந்த மாதிரி ஒரு சண்டை வந்தால் தேவலை என்று இருந்தது. திட்டினால் திருப்பித் திட்டலாம், உனக்கு யாரால இந்த வாழ்வு என்று கேட்கலாம், பிறகு இரண்டு பேரும் அழுது தீர்த்துவிட்டு ஒரு வாய் சாப்பிடலாம். சின்னவள் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கவில்லை, இமை ஆடியது.

வீட்டில் எதுவும் மாறவில்லை. சின்னவள் காலையில் கீழே வந்தாள், அத்தானுக்குப் பேப்பரை எடுத்துக் கொடுத்தாள், கூடமாட வேலை செய்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஆனால் முன்பெல்லாம் மாடியிலிருந்து ஒரு தாளைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்து "அக்கா, இதைப் பாரேன்" என்பாள். அது நின்றுபோனது. பெரியவள் மாடிக்குப் போனால் மரியாதையாக நாற்காலியைக் காலி செய்து கொடுத்தாள்.

அடுத்த கதையைப் பெரியவள் முன்னைவிட நீளமாக எழுதினாள், எலிக்கென்று எதுவும் எழுதவில்லை. அந்தப் பேச்சையே எடுக்காமல் விட்டால் தங்கை தானாகக் கொண்டுவந்து விடுவாள், எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை. சின்னவள் தாள்களை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போனாள். சொன்ன நாளில் மாதிரிப் புத்தகம் வந்தது, எப்போதும்போல நேர்த்தியாகத் தைத்து.

மூன்று பேரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவள் வாசிக்க, சின்னவள் திருப்பினாள்.

முதல் பக்கம் முழுக்க வெள்ளை. அடியில், கட்டைவிரல் நகம் அளவுக்கு, கழுதை நின்றது. அடுத்த பக்கத்தில் கழுதை உட்கார்ந்திருந்தது. அதற்கடுத்ததில் மறுபடி நின்றது. படத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை, கண்ணாடி, நாடா எல்லாம் இருந்தன. கடை இல்லை, ஜன்னல் இல்லை, மழை இல்லை. வாடிக்கையாளர் வரும் பக்கங்களில் அவர்களின் முதுகுதான் தெரிந்தது. யார் சிரிக்கிறார்கள், யார் அழுகிறார்கள் என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. அதெல்லாம் பெரியவளின் வார்த்தைகளில் மட்டும் இருந்தது.

சிவப்புப் பென்சில் காதோரத்திலிருந்து பென்சிலை எடுத்தவள், அதை விரலில் உருட்டிக்கொண்டே இருந்தாள். ஒரு பக்கத்திலும் அது தாளைத் தொடவில்லை.

"இதுல எதையும் எடுக்க முடியாதே மேடம்" என்றாள் கடைசியில். "வார்த்தை இல்லேன்னா ஒண்ணும் புரியாது. அப்படியே இருக்கட்டும்." பிறகு தயங்கி, "இன்னும் சொல்லப்போனா, பக்கமெல்லாம் வெறிச்சுன்னு கிடக்கு. நீங்க கூடக் கொஞ்சம் எழுதிக் குடுத்தாலும் நல்லதுதான்" என்றாள்.

எத்தனை வருஷமாக இந்த வார்த்தைக்குக் காத்திருந்தாள் பெரியவள்.

"எலி?" என்று சிவப்புப் பென்சில் சின்னவளைப் பார்த்துக் கேட்டாள்.

"அக்கா எழுதலையே" என்றாள் சின்னவள். "எழுதினா வரையறேன்."

சிவப்புப் பென்சில் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு, தேநீரைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். தெருக்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

"ஏண்டி இப்படிப் பண்றே?"

"எப்படிக்கா?"

"இதுல ஒண்ணுமே இல்லையே."

"நீ எழுதினதெல்லாம் இருக்கே. நான் சரிபார்த்துட்டேன். எதாவது விட்டுப்போயிருந்தா சொல்லு."

மன்னிச்சுக்கோ என்று சொல்லிவிட வேண்டும் என்று பெரியவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. புரூஃபில் எழுதிய அன்றைக்கு அத்தனை வார்த்தைகள் ஓடி வந்தனவே, இந்த ஒன்று மட்டும் வாசலில் நின்று வர மாட்டேன் என்றது. வாயைத் திறந்தபோது வேறு எதுவோ வந்தது.

"பக்கத்துல இவ்வளவு வெத்து இடம் எதுக்கு?"

"உனக்குத்தான்கா" என்றாள் சின்னவள். குரலில் குத்தல் இல்லை, அதைக் கேட்கத்தான் பெரியவளுக்குத் தாங்கவில்லை. "பத்தலேன்னா சொல்லு. கழுதையை இன்னும் கொஞ்சம் சின்னதாக்கித் தரேன்."

சொல்லிவிட்டு மாதிரிப் புத்தகத்தை அக்கா பக்கம் நகர்த்தி வைத்தாள். பிறகு டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள்.